குரங்குப் படம் போட்ட ஐநூறு ரூபாய் நோட்டு எங்கே?

லண்டனில் இருக்கும் உங்கள் அக்கா மகன் 500 பவுண்டை 'மங்கி' என்கிறான். ஏன் என்று கேட்டால், "அந்தக் காலத்தில் நம்ம ஊர் 500 ரூபாய் நோட்டில் குரங்குப் படம் இருந்ததாம், ஊர் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்தப் பேரையும் கூடவே கொண்டுபோய்விட்டார்களாம்" என்று சொல்கிறான். அந்த நோட்டின் படம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் வேறொன்று தெரிந்தாக வேண்டும்: அப்படி ஒரு நோட்டு இருந்ததா? இல்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குரங்கு போட்ட 500 ரூபாய் நோட்டை இந்தியாவில் எந்த வங்கியும் எந்த அரசும் வெளியிட்டதில்லை. ஆனால் அந்தக் கதை ஏன் இவ்வளவு தூரம் பரவியது, மங்கி உண்மையில் எங்கிருந்து வந்திருக்கலாம், இந்தியாவிலிருந்து நிஜமாகவே போன பணச்சொல் ஏதாவது உண்டா என்பதெல்லாம் சொல்லத் தகுந்த விஷயங்கள்.

நான் மொழியியல் படித்தவன் அல்ல. கிழக்கு லண்டனில் ஒரு பந்தயக் கடையின் கவுண்டரில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். பழைய நாணயமும் நோட்டும் சேர்க்கும் கிறுக்கு அதற்கும் முன்பிருந்தே உண்டு. இந்தச் சொற்களை முதலில் காதால் கேட்டேன், பிறகுதான் அகராதிகளைப் புரட்டினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கடை திறந்ததும் உள்ளே வந்த பெரியவர் ஒருவர் மூன்றாவது ஓட்டத்தில் ஒரு குதிரையின் பெயரைச் சொல்லி "அதன் மேல் ஒரு போனி" என்றார். நான் 'போனி' என்று இன்னொரு குதிரை இருக்கிறதா என்று பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருபத்தைந்து பவுண்டை எண்ணி வைத்தார். காலையில் முதல் ஆள் வந்து போனி என்றதும் எனக்கு நம்மூர்க் கடைக்காரர்களின் 'போணி'தான் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் சொந்தம் எதுவும் கிடையாது, வெறும் ஒலி ஒற்றுமை. இதை இங்கேயே சொல்லி வைக்கக் காரணம் உண்டு. சொல்லின் பூர்வீகம் தேடும்போது ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஒற்றுமைதான்.

இந்தச் சொற்களின் பொருளில் சந்தேகமே இல்லை. க்விட் என்றால் ஒரு பவுண்டு. ஐந்து பவுண்டு ஃபைவர், பத்து டென்னர். சங்கீத மேடையில் உச்ச சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு 'டெனர்' என்று பெயர் என்பதால், பத்து பவுண்டு நோட்டை, அந்தக் குரலுக்குப் பேர்போன பாடகரின் பெயரில் 'பவரோட்டி' என்று அழைக்கும் குசும்பும் உண்டு. இருபது ஸ்கோர், இருபத்தைந்து போனி (குட்டிக்குதிரை), நூறு டன், ஐநூறு மங்கி, ஆயிரம் கிராண்ட். இவற்றில் ஸ்கோருக்கு மட்டும் பூர்வீகம் பளிச்சென்று தெரியும். கழியில் வெட்டுப் போட்டுக் கணக்கு வைத்த காலத்துச் சொல் அது, இருபதுக்கு ஒரு பெரிய வெட்டு. நம்மூரில் பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பாரே, அதே சங்கதி. இங்கிலாந்து அரசின் கருவூலமே பல நூற்றாண்டுகள் இப்படிக் கழிக் கணக்குதான் வைத்திருந்தது. வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கழிகளை 1834 அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடத்து அடுப்புகளில் போட்டு எரிக்க, தீ பற்றி நாடாளுமன்றமே எரிந்து போனது. இது நமக்குச் சம்பந்தமில்லாத கிளைக்கதைதான், ஆனால் எனக்கு எப்போதும் பிடித்த கதை.

சரி, மங்கிக்கு வருவோம். நோட்டுக் கதையை மூன்று பக்கத்திலிருந்து உரசிப் பார்க்கலாம். முதலில் நோட்டுகள். 1861-இல் காகிதப் பணச் சட்டம் வந்த பிறகுதான் இந்தியாவில் நோட்டு அடிப்பது அரசின் தனி உரிமையானது. அந்த வரிசையின் முதல் நோட்டுகளில் இருந்தது விக்டோரியா மகாராணியின் தலை. கள்ள நோட்டுத் தொல்லையால் அவற்றைத் திரும்பப் பெற்று, 1867 முதல் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட நோட்டுகளை விட்டார்கள். அவற்றில் மிருகம் என்ன, மனிதப் படமே கிடையாது. எழுத்தும் எண்ணும் பூவேலைப்பாடும் மட்டும்தான். அதற்கு முன்னால் மூன்று மாகாண வங்கிகள் நோட்டு வெளியிட்டன. வங்காள வங்கியின் ஆரம்ப நோட்டுகளில் வெறும் எழுத்து, பிறகு துறைமுகக் கரையில் உட்கார்ந்திருக்கும் வாணிப தேவதை, அதற்குப் பிறகு பிரிட்டனைப் பெண்ணுருவாகக் காட்டும் பிரிட்டானியா. பம்பாய் வங்கி நோட்டில் அந்த ஊர் டவுன் ஹாலும், மால்கம், எல்ஃபின்ஸ்டன் ஆகிய இரண்டு கவர்னர்களும். மதராஸ் வங்கி நோட்டில் கவர்னர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடலில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோதான். போனிக்கு யாராவது கதை கட்ட வேண்டுமானால் அந்தக் குதிரையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். குரங்குக்கு அந்த வழியும் இல்லை. அதோடு, அரசு வெளியிட்ட வரிசையில் 25 ரூபாய் நோட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனாலும் 'போனி 25 ரூபாய் நோட்டிலிருந்து வந்தது' என்று இதே கதையின் இன்னொரு பாதியைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது கணக்கு. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒரு ரூபாய் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. அதாவது பத்து ரூபாய் ஒரு பவுண்டு. அப்படியானால் 500 ரூபாய் நோட்டைக் குரங்கு என்று அழைத்துப் பழகிய ஒருவன் லண்டனில் இறங்கியதும் ஐம்பது பவுண்டை அல்லவா குரங்கு என்றிருக்க வேண்டும்? அதைவிட, அந்தச் சிப்பாய் 500 ரூபாய் நோட்டைக் கண்ணால் பார்த்திருப்பானா? பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயின் சம்பளம் நாளுக்கு ஒரு ஷில்லிங், அதிலும் சாப்பாடு, துணிமணி என்று பிடித்தம் போகும். 500 ரூபாய் என்பது 1,000 ஷில்லிங், அவனுடைய ஆயிரம் நாள் சம்பளம். தன் கையில் ஒருநாளும் வராத நோட்டுக்கு எவனும் செல்லப்பெயர் வைப்பதில்லை.

மூன்றாவது காலம். இதுதான் எனக்கு அசைக்க முடியாத சாட்சி. 1797-இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு நாவலிலேயே போனி வருகிறது, 'அதாவது இருபத்தைந்து கினி' என்ற விளக்கத்தோடு. கினி என்பது பவுண்டைவிடச் சற்றே மதிப்புக் கூடிய பழைய ஆங்கிலேயத் தங்க நாணயம். 1811-இல் வந்த கொச்சைச்சொல் அகராதி ஒன்று 'போஸ்ட் த போனி' என்றால் பணத்தைக் கீழே வை என்று பொருள் சொல்கிறது. மங்கியும் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1860 வாக்கில் வந்த லண்டன் கொச்சை அகராதி அதை 500 பவுண்டு என்று குறித்து, பந்தயக்காரர்களின் சொல் என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. இந்த இரண்டு சொற்களின் பிறந்த வீடு சூதாட்ட மேசையும் குதிரைப் பந்தயத் திடலும்தான், ராணுவப் பாளையம் அல்ல. பெருந்தொகையை அலட்சியமாகப் பேசப் பணக்கார வீட்டுப் பையன்கள் வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. 500 பவுண்டு என்றால் அந்நாளில் ஒரு சிறிய வீடே வாங்கலாம், அதைக் 'குரங்கு' என்பதில் ஒரு திமிர் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தியாவிலேயே இன்னொரு குரங்குக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று தேதி போட்ட 'அரையணா', 'ஓரணா' காசுகளைக் கோயில் வாசல்களிலும் இணையத்திலும் விற்கிறார்கள், அதில் சக்தி இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி. கம்பெனி அப்படி ஒரு காசை எந்த நாளும் அடித்ததில்லை. அவை பிற்காலத்தில் செய்த பொம்மைக் காசுகள். படம் தேடப் போகும் இடத்தில் யாராவது உங்களிடம் அதை நீட்டி, பார்த்தீர்களா குரங்கு என்று சொன்னால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

அப்படியானால் மங்கி எங்கிருந்துதான் வந்தது? பெரிய ஆங்கில அகராதிகள் இதற்குத் தீர்மானமான பதில் தருவதில்லை, நானும் அகராதிகளை மிஞ்சப் போவதில்லை. ஒன்றிரண்டு தடயங்கள் உண்டு. அதே நூற்றாண்டில் வீட்டு அடமானத்துக்கு 'நீண்ட வாலுள்ள குரங்கு' என்று ஒரு கேலிப்பெயர் இருந்தது. மார்ட்கேஜ் என்பதன் முதல் எழுத்தும் மங்கியின் முதல் எழுத்தும் ஒன்றுதான், கடனின் வாலும் நீளம்தான். 500 பவுண்டு அடமானக் கடன் தொகையிலிருந்து இது வந்தது என்பார்கள், ஆனால் இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு யார் கையிலும் இல்லை. எனக்குத் தோன்றுவது இதைவிடச் சாதாரணமானது. பணத்துக்கு மிருகப் பெயர் வைப்பது அங்கே பழைய வழக்கம், 1688-இலேயே மேடை நாடகம் ஒன்றில் பணத்தை 'ரைனோ' என்கிறார்கள், காண்டாமிருகத்தை நினைவூட்டும் சொல். அந்தக் கொட்டிலில் போனி ஏற்கெனவே கட்டியிருந்தது. பெரிய தொகை ஒன்றுக்குப் பெயர் தேவைப்பட்டபோது பக்கத்தில் இன்னொரு மிருகத்தைக் கொண்டுவந்து கட்டினார்கள். இது என் ஊகம். ஊகம் என்ற பெயரிலேயே அது இருக்கட்டும்.

போனிக்கு ஒரு அழகான விளக்கம் உண்டு. ஆங்கிலிக்கத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தில் பைபிளின் துதிப்பாடல்களான சங்கீதங்களை மாதத்தின் நாட்களுக்குப் பங்கிட்டு வைத்திருப்பார்கள். 25-ஆம் தேதி காலை ஜெபம் 119-ஆம் சங்கீதத்தின் 33-ஆம் வசனத்தில் தொடங்கும், அந்தப் பகுதிக்கு லத்தீன் தலைப்பு 'லெகெம் போனே'. மார்ச் 25 இங்கிலாந்தில் வாடகையும் கடனும் கொடுத்துத் தீர்க்க வேண்டிய தவணை நாள். அதனால் 16-ஆம் நூற்றாண்டிலேயே 'லெகெம் போனே' என்றால் ரொக்கமாகக் கையில் கொடுப்பது என்று பேச்சில் பொருள் ஏறிவிட்டது. இவ்வளவும் சான்று உள்ள விஷயம். அந்தப் போனேதான் இந்தப் போனியானது, 25-ஆம் தேதிதான் 25 பவுண்டானது என்பது மட்டும் சான்று இல்லாத கடைசித் தாவல். கேட்கும்போது அப்படியே நம்பத் தோன்றும். இருபத்தைந்து இருபத்தைந்தோடு பொருந்துகிறதே என்று மனசு குதிக்கும். எனக்கும் குதித்தது. ஆனால் நடுவில் இருநூறு வருட இடைவெளி கிடக்கிறது, குட்டிக்குதிரை அதைத் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை.

காலத்தை வைத்து உரசினால் கதை உதிர்ந்துவிடும் என்பதற்கு க்விட் இன்னொரு நல்ல உதாரணம். க்விட்ஹாம்ப்டன் என்ற ஊரில் இருந்த காகித ஆலை இங்கிலாந்து வங்கிக்கு நோட்டுக் காகிதம் கொடுத்தது, அதனால்தான் க்விட் என்று சொல்வார்கள். இங்கிலாந்து வங்கி தொடங்கியது 1694-இல். க்விட் 1688-இலேயே அச்சில் இருக்கிறது, அதுவும் அன்றைக்கு அது தங்கக் கினியைக் குறித்த சொல். பிள்ளை பிறந்து சில வருடம் கழித்துத் தகப்பன் பிறந்த மாதிரி ஆகிவிடும். லத்தீனில் 'என்ன', 'ஏதோ ஒன்று' என்று பொருள்படும் க்விட்தான் இது, 'ஒன்றுக்கு ஒன்று' என்ற கொடுக்கல் வாங்கல் தொடரிலிருந்து வந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். அது நடந்திருக்கக்கூடியது. அதற்கு மேல் நான் போகமாட்டேன்.

இனி, நீங்கள் கேட்காவிட்டாலும் உங்கள் அக்கா மகனுக்குச் சொல்ல ஒரு சொல் தருகிறேன். 'வாங்கா'. பணத்துக்கு இன்றைக்கும் லண்டனில் புழங்கும் சொல் இது. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு குறுங்கடன் கம்பெனி கூட இருந்தது. ஒரு கட்டத்தில் ஆண்டு வட்டி 5,000 சதவீதத்துக்கும் மேல் என்று அவர்களே விளம்பரத்தில் போட்டார்கள், நம்மூர்க் கந்துவட்டிக்காரர்கள் கூட எழுதி ஒட்டத் தயங்கும் எண். 2018-இல் அது மூழ்கியது. வாங்கா என்ற சொல்லை ஏதோ ஆப்பிரிக்கச் சொல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது ரோமானிகளுடையது, அதாவது ஜிப்ஸிகள் என்று வெளியார் அழைக்கும் மக்களின் மொழியிலிருந்து வந்தது. பிரிட்டனில் அவர்களைப் பற்றிய முதல் குறிப்புகள் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைக்கின்றன. அவர்களுடைய மொழி ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்பு வட இந்தியாவிலிருந்து கிளம்பியது என்பதில் மொழியியலாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தண்ணீருக்கு அவர்கள் சொல்வது இன்றும் பானி. 'வாங்கர்', 'வோங்கர்' என்றால் அவர்கள் மொழியில் கரி. 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த ரோமானிச் சொற்பட்டியலிலேயே இந்தச் சொல்லுக்குக் கரி, பணம் என்று இரண்டு பொருளும் இருக்கின்றன.

கரி எப்படிப் பணமானது? ஆங்கிலேயத் திருடர் பாஷையில் பணத்துக்கு 17-ஆம் நூற்றாண்டு முதலே 'கோல்' என்று பெயர், கரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அதே ஒலி. மேலே சொன்ன 'போஸ்ட் த போனி'க்கு முந்தைய வடிவமே 'போஸ்ட் த கோல்'தான். அந்த உலகத்தோடு பழகிய ரோமானிகள் கோல் என்ற கொச்சையைத் தங்கள் மொழிக்குப் பெயர்த்து வாங்கர் என்றிருக்க வேண்டும். குளிர்நாட்டில் கரி இல்லாமல் பிழைப்பில்லை, அதனால் நேரடியாகவே வந்தது என்றும் சொல்லலாம். எந்த வழியாக வந்தது என்பதில் வாதம் இருக்கலாம், ஆனால் வாங்கருக்கு வேர் சமஸ்கிருத 'அங்கார' என்பது உறுதி. அந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. தமிழ் அகராதியைத் திறந்தால் அங்காரம் என்று இருக்கும், கரி, தணல் என்று பொருள். தணல் போலச் சிவந்திருப்பதால்தான் செவ்வாய்க்கு அங்காரகன் என்று பெயர், வைத்தீஸ்வரன்கோயிலில் போய்க் கும்பிடுகிறோமே அவர்தான். லண்டன்காரன் வாங்கா வாங்கா என்று சொல்லும்போதெல்லாம், தனக்கே தெரியாமல் அங்காரகனின் பெயரில் பாதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். குரங்கு நோட்டுக் கதைக்கு இந்தியச் சட்டை மாட்டிவிட்டார்கள். உண்மையில் இந்தியாவிலிருந்து நடந்தே போன சொல்லைப் பார்த்து அங்கே யாருக்கும் இந்தியா ஞாபகம் வருவதில்லை.

ஒன்று பாக்கி. இதைப் படிப்பவர்களில் யாராவது "கேஷ் என்பதே நம் காசுதானே" என்று கேட்பார்கள். பாதி சரி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் இருக்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் எல்லோரும் சொல்லும் கேஷ், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து போனது, அதில் நமக்குப் பங்கில்லை. இன்னொரு கேஷ், கீழை நாடுகளின் சில்லறைச் செம்புக் காசைக் குறிப்பது. அது தமிழ்க் காசு போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து 'காய்ஷா'வாகி ஆங்கிலத்துக்குப் போனது. சீனத்து ஓட்டைக் காசுகளை ஆங்கிலேயர் கேஷ் என்று அழைப்பதும் இந்த வழியில்தான். மதராஸில் கம்பெனிக் கணக்கே அதில்தான் ஓடியது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற தங்க நாணயம்.

எனவே படத்துக்குப் பதிலாக ஒரு பொருளைச் சொல்கிறேன். மதராஸுக்காக பர்மிங்ஹாமின் சோஹோ ஆலையில் 1808-இல் செம்புக் காசுகள் அடித்தார்கள். ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. டன் கணக்கில் அவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், இங்கிலாந்துக் கரையைவிட்டு விலகும் முன்பே 1809 ஜனவரியில் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் இறங்கி லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். அவ்வளவு கிடைத்ததால் விலை அதிகமில்லை, லண்டன் நாணயக் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைத்துவிடும். என்னிடம் ஒன்று இருக்கிறது, கடல் உப்பு அரித்த தழும்போடு. அக்கா மகனை அடுத்த சனிக்கிழமை போய் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.